மாவுப்பூச்சிக்கு கிரிப்டோலேமஸ் பொறிவண்டு வாங்கி விட்டேன், ரெண்டு மாச அனுபவம்

கொய்யாலயும் செம்பருத்திலயும் மாவுப்பூச்சி அப்பிக்கிச்சு, வேப்பெண்ணெய் சோப்புத்தண்ணி எல்லாம் அடிச்சு பாத்தேன், மேல இருக்க மெழுகுப் பொடில எதுவும் ஒட்டவே மாட்டேங்குது, அதான் மாவுப்பூச்சிய தின்னுற கிரிப்டோலேமஸ் பொறிவண்டு ஆர்டர் பண்ணேன். சிவப்புல கறுப்புப் புள்ளி வச்ச வண்டுன்னு எதிர்பாக்காதீங்க, இது 4 மில்லிமீட்டர் தான், உடம்பு கருப்பு, தலையும் பின்நுனியும் ஆரஞ்சு. ஆஸ்திரேலியா வண்டு, 1891லயே ஆரஞ்சு, எலுமிச்சை தோட்டத்து மாவுப்பூச்சிக்காக கலிபோர்னியாவுக்கு கொண்டு போயிருக்காங்க, அவ்ளோ பழைய ஆளு.

டப்பால உயிரோட தான் வந்துச்சு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பூச்சி அடையா இருந்த கிளையிலயே விட்டேன். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்ல, மனசு விட்டுப்போச்சு. அப்புறம் ஒருநாள் பாத்தா வெள்ளையா நூல் நூலா முன்னவிட பெரிய பூச்சி, மாவுப்பூச்சி பெருத்துடுச்சுன்னு நாலஞ்ச நசுக்கிட்டேன், அது அந்த வண்டோட புழுவாம்! மாவுப்பூச்சி முட்டைப் பைக்குள்ளயே வண்டு முட்டை போடும், வர்ற புழு மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டு உள்ள உக்காந்து தின்னும். தொட்டா விறுவிறுன்னு ஓடும், 1 சென்டிமீட்டருக்கு மேல வளரும், அதான் அடையாளம். இத டப்பாவோட வந்த சீட்டுல ஒரு வரி கூட போடல, விக்கிறவங்க கண்டிப்பா போடணும், இதுக்காகவே ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

இன்னொன்னு எறும்பு. மாவுப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு காவல் நிக்கும், வண்ட கடிச்சு விரட்டும். நான் லேட்டா தான் அடித்தண்டுல பசை டேப் சுத்துனேன், அதுக்கப்புறம் தான் வேலை வேகமாச்சு, நீங்க டேப் சுத்திட்டு வண்டு விடுங்க. பூச்சிமருந்து பக்கத்துல கூட அடிக்காதீங்க, வண்டும் சேந்து செத்துடும்.

நாலஞ்சு பூச்சி தான் இருக்குன்னா வாங்காதீங்க, இரை பத்தலன்னா பறந்து போயிடும், துணியால தொடச்சாலே போதும். குளிர் காலத்துலயும் வேண்டாம், மந்தமாயிடும். முட்டைல இருந்து வண்டாக கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும், அதனால பொறுமை வேணும்.

5க்கு 4. கொய்யா புதுத் துளிர் இப்ப சுத்தமா இருக்கு, செம்பருத்தி அடித்தண்டுல மட்டும் கொஞ்சம் வெள்ளை இருக்கு, நேத்து அங்கயும் ரெண்டு புழு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.