பாங்காக்கிலிருந்து ஒருநாள் நரகப் பயணம்: சேன் சுக்கா, ஃபை ரோங் வுவாவா?

பாங்காக் போகிற நம் ஊர்க்காரர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: மரகத புத்தர் கோயில், சயன புத்தர், சஃபாரி வேர்ல்ட், அப்புறம் பட்டாயா. அதில் ஒரு நாளை ஒதுக்கி நரகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். தாய்லாந்தில் சில பௌத்தக் கோயில்கள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே நரகத்தைச் சிமெண்டில் கட்டி வைத்திருக்கின்றன. கொதிக்கும் கொப்பரை, முள்மரம், ரம்பம், குடல் சரிந்த உடல்கள் என்று எல்லாமே ஆளுயரத்தில், வெட்டவெளியில் நிற்கும்.

காலையில் பாங்காக்கில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, தென்கிழக்கே சோன்புரி மாகாணத்தில் பாங் சேன் கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள வாங் சேன் சுக். இன்னொன்று, வடமேற்கே சுபன்புரி மாகாணத்தின் சோங் பி நோங் வட்டாரத்தில் வயல்களுக்கு நடுவே உள்ள வாட் ஃபை ரோங் வுவா (வாட் என்றால் கோயில்). ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

முதலில், இரண்டிலும் பொதுவாக என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் போனால் வெறும் பேய்வீடாகத்தான் தெரியும். இந்தக் காட்சிகளுக்கெல்லாம் அடிப்படை, 14ஆம் நூற்றாண்டில் சுகோதாய் அரசர் லிதாய் எழுதியதாகத் தாய்லாந்து மக்கள் போற்றும் மூவுலக நூல். எட்டுப் பெருநரகங்கள், அவற்றைச் சுற்றிச் சிறுநரகங்கள், கடைசியில் எல்லாவற்றிலும் கொடிய அவீசி நரகம் என்று அதில் விரிவாக வரும். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தாருக்காக இதைக் கோயில் சுவர்களில் ஓவியமாகத் தீட்டினார்கள். சிமெண்ட் மலிவாகக் கிடைத்த காலத்தில் அந்த ஓவியங்கள் சுவரைவிட்டு இறங்கித் தோட்டத்துக்கு வந்துவிட்டன.

நமக்கு இதில் பெரிய அனுகூலம் ஒன்று உண்டு. கருட புராணம் கேட்டு வளர்ந்தவருக்குப் பாதிக் காட்சிகளுக்கு விளக்கமே தேவைப்படாது. எமன் இருக்கிறார். சித்திரகுப்தன் வேலையை அங்கே இரண்டு கணக்கர்கள் பார்க்கிறார்கள். புண்ணியத்தைப் பொன்தகட்டிலும் பாவத்தை நாய்த்தோலிலும் எழுதுவார்கள் என்று ஊர்க்கதை. கொப்பரையைப் பார்த்ததும் கும்பிபாகம் நினைவுக்கு வந்துவிடும். பிறன்மனை நாடியவர்கள் ஏறும் முள்மரம் இலவ மரம்தான். நம் புராணங்களும் அதே மரத்தைத்தான் சொல்கின்றன. ஆடையில்லாத ஓர் ஆணும் பெண்ணும் முள் குத்தக் குத்த ஏறிக்கொண்டிருப்பார்கள். இறங்கினால் கீழே நாய் கடிக்கும், மேலே போனால் காகம் கொத்தும். இந்தச் சிலை இல்லாத நரகத் தோட்டத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். பௌத்தத்தில் நரகம் நிரந்தரமில்லை. காலம் கற்பனைக்கு எட்டாத நீளம்தான், ஆனாலும் வினை தீர்ந்தால் வெளியே வந்துவிடலாம். அங்கே உள்ள கோரத்தையெல்லாம் இந்த ஒரு நம்பிக்கைதான் தாங்கி நிற்கிறது. இரண்டு இடங்களையும் நான் ஒப்பிடுவதும் இதை வைத்துத்தான்: பயத்தை மட்டும் காட்டுகிற இடம் எது, வெளியே போகிற வழியையும் சேர்த்துக் காட்டுகிற இடம் எது?

சேன் சுக்

போய்ச் சேர இதுதான் சுலபம். பாங்காக்கின் ஏக்கமாய் ஸ்கைட்ரெயின் (மேம்பால ரயில்) நிலையத்தை ஒட்டியே கிழக்குப் பேருந்து நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சோன்புரி, பாங் சேன் பக்கம் போகும் பஸ்ஸோ வேனோ ஏறினால் சுமார் 90 கி.மீ.; சாலை நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் சோங்தேவ் எனப்படும் ஷேர் வண்டியோ மோட்டார் பைக் டாக்சியோ பிடித்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் இல்லை, உண்டியல் இருக்கிறது. பட்டாயா போகிறவர்களுக்கு இது வழியிலேயே வரும் ஊர் என்பதால், டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் தனியாக ஒரு நாள்கூடத் தேவைப்படாது.

உள்ளே நடுநாயகமாக இரண்டு பிரேதங்கள், அதாவது பாவத்தால் பசியோடு அலையும் ஆவிகள்: ஆண் உருவம் நாய் ங்கென், பெண் உருவம் நாங் தோங். பல ஆள் உயரம், எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள், நீண்ட கழுத்து, தொங்கும் நாக்கு. பிரேதம் என்றால் பனை உயரம், ஊசித்துளை வாய், பனையோலை அகலக் கை என்று தாய்லாந்தில் சொல்வார்கள். பெற்றவர்களை அடித்த கைதான் அப்படி அகலமாகும் என்பது அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம். இந்த இருவரின் காலடியைச் சுற்றி மனித உடலும் விலங்குத் தலையுமாகச் சின்ன உருவங்கள் நிற்கின்றன. எந்தப் பாவம் செய்தவர் எந்தத் தலை பெறுவார் என்று ஒவ்வொன்றுக்கும் பலகை இருக்கிறது, ஆங்கிலத்திலும் உண்டு. நமக்கு அது பெரிய உதவி.

அப்புறம் வரிசையாகத் தண்டனைகள். வண்ணம் பளிச்சென்று இருக்கும். ரத்தத்துக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டை இங்கே தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள். அதே வளாகத்தில் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகளும் சீனத் தெய்வ உருவங்களும் இருப்பதால் நரகத்திலிருந்து நாலு எட்டு நடந்தாலே மனம் ஆறிவிடும். மொத்தமும் சுற்ற இரண்டு மணி நேரம் தாராளம். அளவு சின்னது என்பதுதான் குறை. படம் எடுத்துக்கொண்டே போனால் சட்டென்று முடிந்துவிட்டது போல இருக்கும்.

ஆனால் மீதி நாள் வீணாகாது. கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது, பாங்காக் குடும்பங்கள் வார இறுதியில் குவியும் கடற்கரை. நோங் மோன் சந்தையில் மூங்கில் குழாயில் சுட்ட காவ் லாம் வாங்காமல் திரும்பாதீர்கள்: ஒட்டும் அரிசி, தேங்காய்ப்பால், கறுப்பு பயறு, சைவக்காரர்களும் தயங்காமல் சாப்பிடலாம். கொஞ்சம் வடக்கே அங் சிலா என்ற பழைய மீனவ ஊர் இருக்கிறது. அங்கே செதுக்கும் கல் உரல் தாய்லாந்து முழுக்கப் பேர் பெற்றது. நம் வீட்டுப் பெண்கள் யாராவது உடன் வந்தால் அந்தக் கடைகளைவிட்டு நகர மாட்டார்கள், விமானத்தில் எடை பார்ப்பார்கள் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

ஃபை ரோங் வுவா

இங்கே போவதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். காரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பொது வாகனத்தில் சுபன்புரி பக்கம் போய், இறங்கி, மாறி, திரும்பும் வண்டிக்குக் காத்திருப்பது என்று கணக்குப் போட்டால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். நாலு பேர் சேர்ந்து ஒரு நாளுக்கு டிரைவரோடு கார் எடுப்பதே நல்லது. சுற்றுவட்டாரத்தில் வேறு பொழுதுபோக்கு பெரிதாக இல்லை, ஆங்கிலப் பலகைகளையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் உள்ளே கால் வைத்ததும் இந்தக் குறையெல்லாம் மறந்துவிடும். உருவங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வெயிலும் மழையும் பட்டுப் பெயிண்ட் உரிந்து, சிமெண்ட் கறுத்து, பாசி ஏறிய முகங்கள். சேன் சுக்கின் பளபளப்பைவிட இந்தப் பழசுதான் என்னைக் கூடுதலாக உலுக்கியது. கம்பம் போல உயர்ந்த பிரேதங்கள் வானத்தைப் பார்த்து நிற்க, கீழே எமனின் ஆட்கள் ஈட்டியோடு பாவிகளை விரட்டுகிறார்கள். எமன் முன்னால் விசாரணை, அதற்குப் பிறகு தண்டனை என்று நடந்துகொண்டே பார்க்கும்போது, தனித்தனிச் சிலைகளாக இல்லாமல் ஒரே கதையாக மனதில் ஏறுகிறது.

முக்கியமான வேறுபாடு இனிமேல்தான். நரகம் இந்தக் கோயிலின் ஒரு மூலை மட்டுமே. மிகப் பெரிய புத்தர் சிலை ஒன்று வளாகத்தை ஆள்கிறது. லும்பினி, புத்த கயா, சாரநாத், குசிநகர் ஆகிய நான்கு புனிதத் தலங்களின் மாதிரிகளையும் இங்கே கட்டியிருக்கிறார்கள். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் யாத்திரை வர வசதியில்லாத விவசாயிக் குடும்பம் இங்கேயே அந்த நான்கையும் கும்பிட்டுவிடும். நரகத்தைப் பார்த்துக் கலங்கிய மனம் நிமிர்ந்தால் எதிரே புத்தர் இருக்கிறார். நான் முன்னே சொன்ன அந்த வழி, இங்கே நடந்து போகக்கூடிய தூரத்தில் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது. சேன் சுக்கிலும் புத்தர் உண்டுதான், ஆனால் இந்த வீச்சு அங்கே இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

இரண்டிலும் நிர்வாணமும் ரத்தமும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். தாய்லாந்துப் பெற்றோர் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பொய் சொன்னால் இது, திருடினால் இது என்று காட்டிக்கொண்டே போவார்கள். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் சிலையாக வைத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். என் கருத்தைக் கேட்டால், பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேலே என்றால் சேன் சுக். பயந்தாலும் அடுத்த கால் மணி நேரத்தில் கடலில் இறக்கிவிடலாம்.

பாங்காக்கைவிட்டு வடக்கே சியாங் மாய் போகிறவர்களுக்கு வாட் மே கெட் நொய் இருக்கிறது. அங்கே பெட்டியில் காசு போட்டால் சிலைகள் அலறிக்கொண்டே அசையும். பார்க்கலாம், ஆனால் அந்தச் சத்தத்தில் யோசிக்க இடமிருக்காது. கோரமே வேண்டாம் என்பவர்கள் சியாங் ராயில் ஓவியர் சலெர்ம்சாய் கோசித்பிபத் 1997இல் திறந்த வெள்ளைக் கோயிலுக்குப் போகலாம். பாலத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான கைகள் மேலே நீண்டு கெஞ்சும். அவற்றில் ஒரே ஒரு விரலின் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஒன்று இங்கே சொல்லத் தோன்றுகிறது. தெற்குத் தாய்லாந்தில், ஏறக்குறைய நம் மகாளய பட்ச நாட்களில், நரகத்திலிருந்து பிரேதங்களைக் கொஞ்ச நாள் வெளியே விடுவார்கள் என்று நம்பி அவற்றுக்குப் படையல் வைக்கிறார்கள். ஊசித்துளை வாயால் சாப்பிட முடிய வேண்டுமே என்று நூல் போல மெல்லிய பலகாரம் செய்கிறார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு அந்த மனசு புரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பெரிய பிரேதங்களைப் பார்த்தால் பயத்தைவிடப் பாவமாகத்தான் இருக்கிறது.

சரி, முடிவு. முதல் தடவை, பஸ்ஸில், குடும்பத்தோடு என்றால் சேன் சுக். கார் இருக்கிறது, கோயில் பார்க்க நேரமும் பொறுமையும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஃபை ரோங் வுவா. எனக்கு மறுபடியும் ஒரே ஒரு நாள் கிடைத்தால் நான் போவது ஃபை ரோங் வுவாவுக்குத்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை இரண்டுக்கும் தேவை. நிழல் குறைவு என்பதால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் சேன் சுக்கை முதலில் பாருங்கள். ஃபை ரோங் வுவாவைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னதாகிவிடும்.