லேவுக்கு இருவர், ஒரே வண்டி: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

லடாக் பைக் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள். நான் பின்சீட். கணவர் ஓட்ட, எங்கள் பழைய 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கில் ஸ்ரீநகர் வழியாக ஏறினோம். லே, நுப்ரா, பாங்காங் எல்லாம் பார்த்துவிட்டு மணாலி வழியாக இறங்கினோம். இரண்டு சாலையையும் பார்த்தாயிற்று, ஆனால் மணாலிப் பக்கமிருந்து ஏறிப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் பற்றி நான் சொல்வதில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு ஸ்ரீநகருக்கு.

எல்லோரும் பேசும் விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்ரீநகரிலிருந்து லே சுமார் 420 கிலோமீட்டர், மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாக சுமார் 430. அழகு என்று கேட்டால் மணாலிச் சாலைதான், அதில் வாதமே இல்லை. மோரே சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேராக ஓடும் ரோட்டுக்கு ஈடாக ஸ்ரீநகர் பக்கம் ஒன்றும் கிடையாது. ஸ்ரீநகர் வழியில் சோனமார்க் வரை பச்சை, சோஜி லா (லா என்றால் கணவாய்) தாண்டியதும் மொட்டை மலை. அப்புறம் லாமாயுரு மடம், நிம்முவில் சிந்துவும் சன்ஸ்கரும் சேரும் இடம். இதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பிரமாண்டம் வராது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அழகல்ல, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பது.

உயரம் பழகுவதற்கு மலைமருத்துவம் சொல்லும் பொதுவான கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும், ராத்திரி படுக்கும் இடம்தான் முக்கியம். இதை வைத்து இரண்டு வழியையும் பாருங்கள்.

ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். முதல் நாள் சோஜி லாவை (3,528) தாண்டி கார்கிலில் படுக்கை. கார்கில் 2,676 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 என்பதால், ஊட்டிக்குப் போய் வந்த உடம்புக்கு அது ரொம்ப அந்நியம் இல்லை. மறுநாள் நமிகா லா (3,700), ஃபோட்டு லா (4,108) இரண்டையும் தொட்டுவிட்டு லேயில் இறங்குகிறோம். லே சுமார் 3,500. கணக்குக்குள் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. அங்கே இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் கிடந்தால் உடம்பு வழிக்கு வரும்.

மணாலி 2,050 மீட்டர். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ முதல் இரவு, அதாவது 3,100, 3,200 போல. இதுவரை சரி. அடுத்த இரவுக்குப் பெரும்பாலும் சர்ச்சு டென்ட்தான், 4,290 மீட்டர். ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,000 மீட்டருக்கு மேல் கூடுகிறது. பாங் போனால் இன்னும் மோசம், 4,600. சர்ச்சுவைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஜிஸ்பாவிலிருந்து லே வரை 330 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் ஓட வேண்டும். இடையில் பாராலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,328 மீட்டரில் தங்லங் லா. தனி ஆளாக, விடியற்காலையில் கிளம்பி முடித்தவர்கள் உண்டு. பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் சாடில் பேக்கும் இருக்கும் வண்டியில் எனக்கு அது வேண்டாம்.

மலைநோய் ஏறிய உடனே வராது. பொதுவாக ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல் எல்லாம் தொடங்கும். சர்ச்சுவுக்கு மாலையில் போய்ச் சேர்ந்தால் நடுராத்திரி டென்ட்டுக்குள்தான் வரும். முற்றினால் இருக்கும் நல்ல வைத்தியம் கீழே இறங்குவது. சர்ச்சுவில் அங்கேதான் சிக்கல். மணாலிப் பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் பாராலாச்சாவை ஏறித்தான் இறங்க வேண்டும். லே பக்கம் போனால் கேட்டா லூப்ஸ் என்ற கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி 5,000 மீட்டரைத் தாண்ட வேண்டும். எந்தப் பக்கம் இறங்கப் போனாலும் முதலில் ஏற்றம். காரில் போனவர்கள் நோயாளியைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பலாம். பைக்கில் பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொண்டு உட்காரத் தெம்பு வேண்டும். தலைசுற்றி வாந்தி எடுக்கும் ஆளை வைத்து இருட்டில் அந்தப் பாதையில் ஓட்ட முடியாது. ஃபோட்டு லாவில் உடம்பு படுத்தினால், ஒரு மணி நேரத்தில் சாலையே உங்களைக் கீழே கொண்டுவந்துவிடும். கார்கிலில் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

இன்னொன்று, ஓட்டுகிறவர்களுக்கு இது புரியாது. அவர் கையும் காலும் கிளட்ச், கியர், பிரேக் என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கும். பின்னால் இருப்பவர் சும்மா உட்கார்ந்து குளிரில் விறைக்கிறார். உயரத்தில் சோர்வும் சேர்ந்தால் கண் சொருகும். இறங்கும்போது மோரே சமவெளியில் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தபோதுதான் நான் தூங்கியதே எனக்குத் தெரிந்தது. அதுவும் பாங்காங் கரையில் (4,200க்கு மேல்) ஒரு இரவு தங்கிப் பழகிய பிறகு. அதனால்தான் அன்றிரவு சர்ச்சுவில் லேசான தலைவலியோடு தப்பித்தேன் என்று நினைக்கிறேன். பழகாமல் நேராக அங்கே போய்ப் படுத்திருந்தால் எப்படியிருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும், சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. மலைநோய் வராமல் இருக்கச் சாப்பிடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வண்டிக்கும் மூச்சு வாங்கும். தங்லங் லா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எங்கள் வண்டியின் 24 குதிரைத்திறனில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உப்ஷி பக்கமிருந்து ஏறும்போது பல இடங்களில் முதல் கியரைவிட்டு மாற்றவே முடியவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி ஏறியவர்களுக்கு கேட்டா லூப்ஸின் 21 வளைவு என்ன பெரிதா என்று தோன்றும். வளைவு பெரிதில்லைதான், உயரம்தான் பெரிது.

பெட்ரோலிலும் ஸ்ரீநகர் வழி நிம்மதி. நடுவில் கார்கில் இருக்கிறது. மணாலிப் பக்கம் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று எழுதிய போர்டு பிரபலம். 15 லிட்டர் டேங்க்குக்கு இருவர் பாரத்தோடு அது இழுபறிதான். 5 லிட்டர் கேன் ஒன்று கட்டிக்கொள்வது நல்லது.

ஸ்ரீநகர் வழியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. சோஜி லா சேறும் லாரியும் சேர்ந்த நரகம். வழுக்கும் இடங்களில் நான் இறங்கி நடந்தேன். சோனமார்க்குக்கு முன்னால் இருந்த மோசமான பகுதிக்கு 2025 ஜனவரியில் சுரங்கம் திறந்துவிட்டார்கள், சோஜி லா சுரங்க வேலை நடக்கிறது. அமர்நாத் யாத்திரை சமயத்தில் பால்தால் வரை கூட்டமும் சோதனையும் அதிகம். 2025 ஏப்ரலில் பகல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு வீட்டில் பெரியவர்கள் காஷ்மீர் வேண்டாம் என்றால், அதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. கிளம்பும் வாரத்தில் நிலவரம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்புறம், வெளியூர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு ஒன்று கையில் வேண்டும்.

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு சேதி. ஸ்ரீநகரிலோ மணாலியிலோ எடுத்த வாடகை பைக்கை வைத்து நுப்ரா, பாங்காங் சுற்ற லே வாடகை வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். அங்கே இன்னொரு வண்டி எடுக்க வேண்டிவரும். இந்தச் செலவு இரண்டு வழிக்கும் பொது. எங்களைப் போலச் சொந்த வண்டியை ரயில் பார்சலில் ஜம்மு வரை அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. டேங்க்கில் பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

காஷ்மீர் நிலவரம் சரியில்லாமல் மணாலி வழியாகத்தான் ஏறியாக வேண்டும் என்றால், ஜிஸ்பாவில் ஒரு இரவுக்கு இரண்டு இரவாகத் தங்குங்கள். பனி உருகி ஓடும் நாலாக்களில் மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடிவிடும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தண்ணீர் கூடினால் பின்சீட்காரர்தான் இறங்கி நடக்க வேண்டும், ஷூ நனைந்தால் அன்று முழுக்கக் காயாது.