தார் அடுக்குத் தளம்: 2012 முதல் வேலூர் வெயிலிலும் மழையிலும்

சத்துவாச்சாரியில் எங்களுக்கு ஒரு மருந்துக் கிடங்கு, காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு லாட்ஜ். இரண்டும் கான்கிரீட் தட்டை மாடி. 2012 கோடையில் ஒரே மேஸ்திரி, ஒரே சரக்கு, ஒரே முறை என்று இரண்டு மாடியிலும் தார் அடுக்குத் தளம் போட்டோம். கிடங்கில் அது இன்றும் உழைக்கிறது. லாட்ஜில் ஆறாவது வருஷமே பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. ஊரில் கடை, கிடங்கு, மண்டபம் வைத்திருப்பவர்கள் இதைப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் ஒரே கேள்விதான்: உங்கள் மாடியில் யார் நடப்பார்கள்?

தெரியாதவர்களுக்காக: உருக்கிய தாரை ஊற்றி, அதன்மேல் ஃபெல்ட் எனும் தார் ஊறிய விரிப்பை உருட்டி, மறுபடி தார், மறுபடி ஃபெல்ட் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் பொடி ஜல்லி தூவி முடிப்பது. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் இப்படிப் போட்டு வருகிறார்கள். அங்கே மூன்று முதல் ஐந்து அடுக்கு வரை போவது வழக்கம். நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 1346 என்ற செய்முறை விதியும், ஃபெல்ட்டுக்கு ஐஎஸ் 1322 தரமும் உண்டு. தாரிலும் ரோட்டுக்குப் போடுவது வேறு, இது வேறு. நாங்கள் வாங்கியது 85/25 தரம். 85 என்பது இளகும் வெப்பநிலை. மே மாதம் நம் ஊர்க் கருப்புத் தளம் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும்போது ரோட்டுத் தார் மாடியில் நிற்காது, வாட்டத்தோடு வழிந்துவிடும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது இணைப்பு. ஒரு ஃபெல்ட்டின் ஓரம் எங்கே முடிகிறதோ, அதற்கு மேலே அடுத்த அடுக்கின் நடுப்பகுதி வருகிற மாதிரி தள்ளிப் போடுகிறார்கள். ஓர் ஓரம் விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் நேராகக் கீழே இறங்க வழியில்லை. இப்போது எல்லோரும் போடும் டார்ச் ஷீட்டில், அதாவது தீச்சுடர் காட்டி இளக்கி ஒட்டும் தார் விரிப்பில், இருப்பது ஒரே அடுக்கு. மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். ஓரத்தை ஒட்டும் பையன் அன்றைக்குக் களைப்பாக இருந்தால் அந்த இடம் ஒட்டாமலே நின்றுவிடும்.

ஆனால் அடுக்குத் தளம் போடுவது கடினமான வேலை. முந்தின இரவு மேஸ்திரி தளத்தில் ஒரு பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். காலையில் தாளின் உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் அன்று வேலை கிடையாது. கிடங்கில் இரண்டு தடவை அப்படி நிறுத்தினார். கூலி நஷ்டம் என்று அப்போது எல்லோரும் முணுமுணுத்தோம். ஈரத்தின் மேல் ஒட்டினால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி அடுக்குகளுக்கு நடுவே கொப்புளம் கிளம்பும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பக்கத்துக் கட்டடங்களில் அந்தக் கொப்புளங்களைப் பிறகு நானே பார்த்தேன். மிதித்தால் அமுங்கும், எடுத்தால் எழும்பும், ஒருநாள் வெடிக்கும்.

சட்டியைத் தெருவில் வைத்துக் காய்ச்சிவிட்டு வாளியில் தாரை மேலே ஏற்றுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். மேலே வருவதற்குள் தார் ஆறி, பரத்தும்போது தடித்து மேலேயே உட்கார்ந்துகொள்ளும், பிடிக்காது. எங்கள் மேஸ்திரி சட்டியை மாடி ஓரத்திலேயே வைத்தார். பக்கத்தில் மணல் மூட்டைகள், ஒரு தீயணைப்புக் கருவி. ஒருவர் துடைப்பத்தால் தாரைப் பரத்த, இன்னொருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே ஃபெல்ட்டை உருட்டிக்கொண்டு வந்தார். இடைவெளி ஓர் அடிகூட இல்லை. சட்டியில் நீலப் புகை கிளம்பினால் உடனே விறகை இழுத்துவிடுவார். அளவுக்கு மேல் காய்ந்த தார் மொறுமொறுவென்று ஆகி, பிறகு வெடிக்கும்.

கைப்பிடிச் சுவரில்தான் அவர் அதிக நேரம் செலவழித்தார். தளமும் சுவரும் சேரும் மூலையைச் சிமெண்டால் சரிவாக உருட்டிப் பூசினார். பிறகு தளத்திலிருந்து அரை அடி உயரத்தில் சுவரில் காடி வெட்டி, ஃபெல்ட்டின் நுனியை உள்ளே செருகி அடைத்தார். "தார் ஒழுகாது சார், சுவருதான் ஒழுகும்" என்றார். அந்த ஒரு வரியை இந்த ஊர் மழை திரும்பத் திரும்ப நிரூபித்திருக்கிறது.

வாட்டமும் அப்படித்தான். அமெரிக்க விதிப்படி அடிக்குக் கால் அங்குலம் வேண்டும். நாங்கள் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம்தான் கொடுத்தோம், தளத்தின் உயரம் அதற்குமேல் இடம் தரவில்லை. அதனால் மழை நின்ற மறுநாள் வடமேற்கு மூலையில் தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அந்த வட்டத்தில் மட்டும் தார் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் வெளுத்து, முதலைத் தோல் போல் வெடிப்பு விழுந்திருக்கிறது.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் பாலாற்றில் பெருசுகளே வாய் பிளந்து பார்த்த வெள்ளம். இரண்டு மழையிலும் கிடங்கின் உட்கூரையில் ஓதம்கூட இல்லை. அங்கே அடுக்கியிருப்பது மருந்து. ஒரு பெட்டி நனைந்தாலும் அந்தச் சரக்கை விற்க முடியாது, விற்கவும் கூடாது. அந்த இரவுகளில் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையே இந்தத் தளத்துக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண்ணாகச் சொல்வேன்.

ஒரே ஒரு தடவை ஒழுகியது, அதற்குத் தார் காரணமில்லை. டிஷ் ஆன்டெனா மாட்ட வந்தவர் யாரிடமும் கேட்காமல் தளத்திலேயே துளை போட்டு போல்ட் இறக்கிவிட்டுப் போயிருந்தார். சொட்டியதோ கிடங்கின் நடுத்தூண் பக்கம், ஆன்டெனாவிலிருந்து பதினைந்து அடி தள்ளி. தட்டை மாடி ஒழுகலில் மிகவும் வதைக்கும் விஷயம் இதுதான். தண்ணீர் இறங்கும் இடம் ஒன்று, ஃபெல்ட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஊர்ந்து போய்ச் சொட்டும் இடம் வேறு. மேலே நேர் எதிரே இருக்கும் இடத்தைக் கொத்திப் பூசிவிட்டு, ஒழுகல் நிற்கவில்லையே என்று புலம்புபவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நாங்கள் ஜல்லியை ஒதுக்கி, மாடியைப் பாத்தி பாத்தியாகக் களிமண்ணால் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் ஒருநாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். ஆன்டெனா இருந்த பாத்தியில் தண்ணீர் விட்ட அன்று மாலையே கீழே சொட்டியது. போல்ட்டைக் கழற்றி, ஃபெல்ட்டைப் பெருக்கல் குறி போல் கீறி நான்கு காதுகளையும் விரித்துக் காயவைத்து, துளையை அடைத்து, சூடான தாரில் மேலே இரண்டு துண்டு ஒட்டியதோடு சரியாயிற்று. அன்றுமுதல் மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது.

லாட்ஜ் கதை வேறு. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலக் குடும்பங்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குகின்றன. நோயாளி அறையில் படுத்திருப்பார். கூட வந்தவர்களுக்குத் துணி துவைத்துக் காயப்போடவும், மாலையில் காற்று வாங்கவும், ஊருக்குப் போன் பேசி அழவும் மொட்டை மாடியை விட்டால் இடமில்லை. அதைப் பூட்ட எனக்கு மனம் வராது. ஆனால் மே மாத வெயிலில் இளகிய தாரின்மேல் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் அழுத்தும்போது, அடியில் இருக்கும் ஜல்லி ஃபெல்ட்டுக்குள் குத்தி இறங்குகிறது. நடமாட்டத்தில் ஜல்லி ஒதுங்கி மழைத்தூம்பின் வாயை அடைக்கிறது. வெறுமையாகும் தார் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. குழந்தைகளின் காலிலும் காய்ந்த துணியிலும் கரி. அடைத்த தூம்பில் அரசங்கன்று முளைத்து, வேர் ஃபெல்ட்டுக்கு அடியில் ஒரு முழம் ஓடியிருந்தது. மேல்தள அறைகளில் சுவர் ஊறிப் பூச்சு உப்பிவிட்டது.

2018 கோடையில் அதை மொத்தமாக எடுத்துவிட்டு, நான்கு மில்லிமீட்டர் டார்ச் ஷீட், அதன்மேல் வாட்டத்தோடு சிமெண்ட் கலவை, அதற்கும் மேல் வெள்ளை ஓடு என்று போட்டோம். செலவு கிடங்கில் ஆனதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் மேல்தள அறைகளின் சூடு நன்றாகக் குறைந்தது, மாடியில் வெறுங்காலோடு நடக்கலாம். ஓட்டு இணைப்புகளில் கலவை பெயர்வதை மட்டும் ஆடி முடிந்ததும் பார்த்து அடைக்க வேண்டியிருக்கிறது.

லாங்கு பஜார்ப் பக்கம் மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டால், அதன்மேல் சூடான தார் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சுண்ணாம்புத் தளம் மூச்சு விட வேண்டும். மேலே மூடிவிட்டால் ஈரம் கட்டைக்குள் இறங்கும்.

கிடங்கில் இப்போது ஜல்லி மெலிந்த இடங்களில் வெடிப்பு தெரிகிறது, அடி அடுக்குகள் உறுதியாகவே இருக்கின்றன. மாசி பிறந்ததும் ஜல்லியை வாரி, வடமேற்கு மூலையை மேடாக்கி, மேலே இன்னும் ஓர் அடுக்கு ஃபெல்ட்டும் தாரும் போட்டுப் புது ஜல்லி தூவப் போகிறோம். பழைய மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, அவர் மகன் வருகிறார். பாலிதீன் தாளை முதல் நாளே விரிக்கச் சொல்லியிருக்கிறேன்.