புதுக் கட்டை போட்ட பழைய லீ என்ஃபீல்டு: வாங்கிச் சில வருடங்கள் கழித்து

பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ என்ஃபீல்டு நம்பர் 4-ஐப் புதுப்பித்து விற்கிறார்கள், விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னுடையது ரிப்பேர் முடிந்து வந்த வாரம் பார்த்துத்தான் கேட்டார். அதனால் பதிலில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

த்ரீ நாட் த்ரீ தோட்டா, பத்துத் தோட்டா மேகசின் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னிடம் இருப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து மார்க் 1, அதாவது நம்பர் 4-இன் முதல் வடிவம். புதுப்பித்தவர்கள் இரும்புக்குப் பாஸ்பேட் பூச்சு போட்டு, மரம் முழுவதையும் புது வால்நட்டில் மாற்றி, துளை போடாமலே மாட்டும் ஸ்கோப் மவுண்ட் ஒன்றையும் வைத்துக் கொடுத்தார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு வேலையில் குறையே இல்லை. குழலின் உள்வரிகள் கூர்மையாக இருக்கின்றன. இந்தத் துப்பாக்கியில் போல்ட்டின், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் இரும்புத் தண்டின், தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண் குத்திய தலைகள் உண்டு. தேய்மானத்துக்கு ஏற்ப நீளமானதை மாட்டி ஹெட்ஸ்பேஸை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தின் இடைவெளியை, சரிசெய்வார்கள். என்னுடையதில் அதைக் கேஜ் வைத்துப் பார்த்துச் சரியாகவே செய்திருந்தார்கள். போல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கைப்பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும். ஸ்பிரிங் இறுகுவது மூடும்போதுதான், அதனால் திறக்கும்போது கை தயங்காது. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம். இன்றைய விலையுயர்ந்த போல்ட் துப்பாக்கிகள் சிலவற்றைக் கையாண்டுவிட்டு இதை எடுத்தால், இத்தனை வருடத்தில் இதைவிட வேகமாக என்ன கண்டுபிடித்தார்கள் என்று தோன்றும். தோட்டாக்களை அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் சிக்கும். அது பழகிவிடும்.

பழகாதது மரம்.

பார்க்க அவ்வளவு அழகு. வால்நட் ரேகைகள் ஓட, பாலிஷ் பளபளக்க, புகைப்படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் 100 மீட்டரில் முதல் சில குண்டுகள் ஒரே இடத்தில் விழும், குழல் சூடானதும் அடுத்தவை மேலே ஏற ஆரம்பிக்கும். ஆறவிட்டுச் சுட்டால் பழைய இடத்துக்கு வரும், சில நாள் அதுவும் வராது. மழைக்காலத்தில் சரிபார்த்து வைத்த ஜீரோ (குறியும் குண்டும் ஒன்றுசேரும் அமைப்பு) வெயிலில் நிற்காது. தோட்டாவை மாற்றிப் பார்த்தேன், ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு துப்பாக்கியிலேயே இருக்கும் இரும்புக் குறிகாட்டியில் சுட்டுப் பார்த்தேன். அதே கதைதான்.

நம்பர் 4-இல் முன்கட்டை, அதாவது குழலுக்கு அடியில் ஓடும் மரம், வெறும் கைப்பிடி அல்ல. சுட்டதும் பின்னால் உதைக்கும் அதிர்ச்சி, முன்கட்டையின் பின்பகுதியில் இருபுறமும் உள்ள இரண்டு சின்ன மரத் தளங்களில்தான் போய் இறங்குகிறது. ஆங்கிலத்தில் டிராஸ் என்பார்கள். இந்த இரண்டும் இரும்போடு ஒரே சீராக, இறுக்கமாகப் படிய வேண்டும். முன்பக்கம், குழலின் வாயருகே, மரம் குழலைச் சுமார் 4, 5 பவுண்டு அழுத்தத்தில் மேல்நோக்கித் தாங்க வேண்டும். நடுவில் குழல் எதையும் தொடக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் குண்டு ஊர் சுற்றும்.

ரிப்பேர் செய்த ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) முன்கட்டையைக் கழற்றிக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்! வெளியே அத்தனை பாலிஷ், உள்ளே டிராஸ் இரண்டும் எண்ணெய்கூடக் காணாத வெறும் மரம். ஈரத்தை உறிஞ்சி ஊதி, காய்ந்து சுருங்கி, இடப்பக்கத் தளம் நசுங்கிப் பளபளவென்று இருந்தது. வலப்பக்கத்தில் இரும்பு பட்ட தடமே இல்லை. அதாவது உதை முழுவதையும் ஒரு பக்கமே வாங்கியிருக்கிறது. முன் திருகைச் சுற்றி மரத்துக்குள் இருக்கும் இரும்பு வளையம், சுருங்கிய மரத்தைவிட உயரமாக நின்றது. அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் வளையம்தான் இறுகுமே தவிர மரம் இறுகாது.

போதாக்குறைக்கு டிரிகர். மார்க் 1-இல் டிரிகர் தொங்குவது அதைச் சுற்றி வளைந்திருக்கும் டிரிகர் கார்டில், கார்டு இறுகுவது மரத்தில். மரம் அசைந்தால் இரண்டு கட்ட இழுப்பில் இரண்டாவது கட்டம் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் காணாமல் போகும். இதை ராணுவமே உணர்ந்து 1949-இல் மார்க் 2 கொண்டுவந்தபோது டிரிகரை இரும்பு உடலிலேயே தொங்கவிட்டது. பழைய துப்பாக்கிகளையும் அப்படியே மாற்றி மார்க் 1/2, மார்க் 1/3 என்று பெயர் குத்தினார்கள். அதையெல்லாம் புதுப்பிப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். 1970-இல் வந்த எல்42ஏ1 என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி இன்னும் ஒரு படி மேல். நம்பர் 4 ஸ்னைப்பரை எடுத்து, 7.62 நேட்டோ தோட்டாவுக்கான கனமான குழலைப் போட்டு, முன்கட்டையைப் பாதியில் வெட்டிக் குழலைத் தனியாக விட்டுவிட்டார்கள். மரத்தோடு மல்லுக்கட்டுவதைவிட மரத்தைக் குறைப்பதே மேல் என்று முடிவெடுத்த ஆட்கள்! இந்தியாவில் செய்த இஷாப்பூர் 2ஏ1-உம் அந்த ரகம்தான்: நம்பர் 4-க்கு முந்தைய லீ என்ஃபீல்டான மார்க் 3-இன் வடிவம், பலப்படுத்திய எஃகு, 7.62 தோட்டா, பன்னிரண்டு தோட்டா மேகசின். அழகுக்காக எதையும் செய்யவில்லை.

ஸ்கோப் மவுண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருகுகள் தளரும், பசை போட்டால் நிற்கும். ஸ்கோப் உயரத்துக்குப் பின்கட்டை தாழ்வு, கன்னம் அந்தரத்தில் நிற்கும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் அன்று ஸ்னைப்பராக மாற்றியவற்றில் பின்கட்டை மேல் ஒரு மரத் தாங்கலைத் திருகி வைத்தது சும்மா இல்லை. என்னுடையதைப் புதுப்பித்தவர்கள் அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நியாயமாகப் பேசினால், அவர்கள் பக்கமும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து உதிரி மரம் எளிதில் கிடைப்பதில்லை. இயந்திரத்தில் ஒரே அளவில் வெட்டியதைத்தான் போட வேண்டியிருக்கிறது. ஆனால் துப்பாக்கிகள் ஒரே அளவில் இல்லையே. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் சில ஆலைகள், கனடாவில் லாங் பிராஞ்ச், அமெரிக்காவில் சாவேஜ் என்று எங்கெங்கோ செய்தவை. ராணுவத்திலும் முன்கட்டையை மாற்றினால் ஆர்மரர் உட்கார்ந்து, மை தடவி, தேய்த்துத் தேய்த்துப் பொருத்தித்தான் கொடுப்பார். அந்த வேலைக்குத்தான் காசு. பாலிஷுக்கு இல்லை.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? ஆர்மரர் டிராஸில் கடின மரத் துண்டுகளைப் பதித்து, வளையத்தை அரம் போட்டுக் குறைத்து, உள்பக்கம் முழுக்க ஆளிவிதை எண்ணெய் ஊற வைத்துக் கொடுத்தார். மேகசின் முழுவதையும் விடாமல் சுட்டாலும் குண்டுகள் ஏறுவதில்லை. டிரிகரின் இரண்டாம் கட்டம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. இவ்வளவு சுகமாக இது சுட்டதே இல்லை.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். இறங்கிய விலை ஆர்மரர் கூலியில் மறுபடி ஏறிவிடும். நம்பர் 4 வேண்டுமென்றால் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன, தழும்பு விழுந்த, யாரும் கை வைக்காத பழையதைத் தேடட்டும். இல்லை, இந்தப் பளபளப்புதான் வேண்டும் என்றால், காசு கொடுப்பதற்கு முன் முன்கட்டையைக் கழற்றி டிராஸைக் காட்டச் சொல்லட்டும். கழற்றினால் பாலிஷ் கெட்டுவிடும் என்று பதில் வந்தால், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடட்டும்.