ஜியுசைகோ: குளிக்க முடியாத குற்றாலம்

அருவி என்று கேட்டாலே துண்டை எடுத்துத் தோளில் போடுகிற ஊர்க்காரர்கள் நாம். சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் இருக்கிற ஜியுசைகோவுக்குத் துண்டு வேண்டாம், குரங்குக் குல்லா போதும். நூற்றுக்கு மேல் ஏரிகள், ஏரிக்கு ஏரி அருவி, ஆனால் எதிலும் கால் நனைக்க விடமாட்டார்கள். பலகைப் பாதையை விட்டு இறங்கினாலே காவலர் விசில் ஊதுவார். உயரம்தான் கணக்கு என்றால் நம்ம குற்றாலப் பேரருவி ஜெயித்துவிடும். அது ஏறக்குறைய 60 மீட்டர், அங்குள்ள நோரிலாங் அருவி 20 மீட்டர் சொச்சம்தான். ஆனால் நோரிலாங் 300 மீட்டர் அகலத்துக்கு விழுகிறது. பாபநாசத்து பாணதீர்த்த அருவியைப் பல துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி.

தண்ணீரின் நிறம்தான் இந்த இடத்தின் பெயரைக் காப்பாற்றுகிறது. போட்டோவில் இருக்கும் நீலம் செயற்கை என்று நினைத்துப் போகிறவர்கள் ஐம்பூ ஏரிக்கரையில் வாயடைத்து நிற்பார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. போர் தண்ணீர் பிடிக்கும் குடத்தின் அடியில் வெள்ளையாகக் காரை படிகிறதே, அதே சமாச்சாரம். தாழையூத்தில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல், அங்கே மலையாகவே நிற்கிறது. அதில் ஊறி வரும் நீர் கரைத்துக் கொண்டு வருவதை ஏரிக்குள் இறக்குகிறது. கலங்கல் அடங்கி நீர் கண்ணாடி ஆகிவிடுகிறது. அடியில் சாய்ந்து கிடக்கும் மரங்கள்மேல் வெள்ளைப் பூச்சு ஏறி, கிளை கிளையாகத் தெரிகிறது. பாசியும் ஆழமும் வெயிலின் சாய்வும் சேர்ந்து நீலம், பச்சை, மஞ்சள் என்று பிரிக்கின்றன. ஆகவே வெயில் முக்கியம். மேகம் மூடினால் பாதி நிறம் போய்விடும்.

டிக்கெட் ஒரு நாளைக்குத்தான். ஏப்ரல் முதல் நவம்பர் நடு வரை நுழைவு 190 யுவான், உள்ளே ஓடும் பஸ்ஸுக்கு 90. நம்ம பணத்தில் மூவாயிரத்து முந்நூறைத் தாண்டும். பஸ்ஸைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கலாம் என்று யோசிக்கவே வேண்டாம், பள்ளத்தாக்கு மொத்தம் 50 கிலோமீட்டர். பாஸ்போர்ட் எண் கொடுத்து ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், தினசரி ஆள் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனர்களின் தேசிய விடுமுறை. அந்த வாரம் போனால் ஏரி தெரியாது, முதுகுகள்தான் தெரியும். இலை நிறம் மாறும் அக்டோபர் பின்பாதிதான் உச்சம். ஜூலை, ஆகஸ்டில் மழை, மண்சரிவு.

பள்ளத்தாக்கு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிறது. கைப்பிடி சூசெங் கிளை, கவை பிரியும் இடம் நோரிலாங். பெரும்பாலோர் சொதப்புவது எங்கே என்றால், வாசலில் ஏறியதும் முதல் ஏரியைப் பார்த்ததுமே இறங்கிவிடுவார்கள். அங்கேயே பத்து மணி ஆகிவிடும், மேலே போகும்போது கூட்டம் அப்பிவிடும். முதல் பஸ்ஸிலேயே வலது கிளையான ரிசேக்கு ஏறிவிடுங்கள். மேலிருந்து இறங்கி வந்தால் காலும் தாங்கும். ஐம்பூ ஏரி, முத்துத் திட்டு, கண்ணாடி ஏரி இந்த மூன்றையும் நடந்தே பாருங்கள். முத்துத் திட்டில் சரிவான பாறைமேல் நீர் ஆயிரம் மணிகளாகத் தெறித்து ஓடி, சட்டென்று விளிம்பில் கொட்டுகிறது. படிக்கட்டு அருவியை ஒட்டியே இறங்குவதால் சாரல் முகத்தில் அடிக்கும். குற்றாலத்து ஏக்கம் கொஞ்சம் தீருவது இங்கே மட்டும்தான். கண்ணாடி ஏரிக்குக் காற்று எழும் முன் போக வேண்டும், அலை வந்தால் பிம்பம் கலைந்துவிடும்.

மதியத்துக்கு மேல் இடது கிளை. உச்சியில் நீள ஏரி, 3,000 மீட்டருக்கு மேல். நீர் வெளியேறும் வாய்க்கால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, நிலத்தடியில் கசிந்தே வடிகிறது. கீழே ஒரு கிலோமீட்டர் நடையில் ஐவண்ணக் குளம், நம்ம ஊர் தெப்பம் அளவுகூடத் தோன்றாது, ஆனால் நிறம் அதற்குத்தான் அழுத்தம். கடைசியில் சூசெங் கிளை. 2017 ஆகஸ்ட் 8 நிலநடுக்கத்தில் கரை உடைந்து வற்றிப்போன தீப்பொறி ஏரி, கரை கட்டியபின் மறுபடி நிரம்பி நிற்பது அங்கேதான். சில பலகைப் பாதைகள் மூடியிருக்கலாம், வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் முக்கியமான தவறு உயரக் கணக்கு. பூங்கா வாசலே ஏறக்குறைய 2,000 மீட்டர். அகத்தியமலை உச்சியே 1,868தான். சிச்சுவான் தலைநகர் செங்டுவிலிருந்து 2024 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் ஹுவாங்லோங் ஜியுசை நிலையம், அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் ஒன்றரை இரண்டு மணி நேரம். முன்பு முழுநாள் பஸ்ஸில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது, இப்போது ரயில் சட்டென்று தூக்கிவிடுகிறது. சில டூர்க்காரர்கள் முதல் நாளே, 3,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய பக்கத்துச் சுற்றுலாத் தலமான ஹுவாங்லோங்குக்குக் கூட்டிப்போகிறார்கள். தலைவலி, வாந்தியோடு மறுநாள் ஜியுசைகோ பாழ். வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதல் இரவு வாசலை ஒட்டிய ஊரில் தூங்கிவிட்டு, ஹுவாங்லோங்கைக் கடைசியில் வையுங்கள். விமான நிலையமும் 3,448 மீட்டரில்தான் இருக்கிறது, பறந்து போவதும் தீர்வல்ல. நெல்லையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் திருவனந்தபுரமோ திருச்சியோ வழியாக சிங்கப்பூர், கோலாலம்பூர் போய் செங்டு மாறுவது தோது. விசா முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். பணம் கட்டும் சீன செல்போன் செயலியான அலிபேயில் உங்கள் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ ஊரிலேயே இணைத்துவிடுங்கள். கூகுள் மேப் அங்கே கைகொடுக்காது.

சாப்பாடு சுமார். நோரிலாங்கில் உணவுக்கூடம் இருக்கிறது, விலை எக்கச்சக்கம். கீரையைக்கூடப் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருக்கலாம், சைவக்காரர்கள் சீன எழுத்தில் ஒரு சீட்டு வைத்திருப்பது நல்லது. பையில் பிஸ்கட், கடலைமிட்டாய், பிளாஸ்கில் வெந்நீர் இருந்தால் மதியத்தை ஓட்டிவிடலாம். வறுத்த பார்லி மாவில் பிசையும் சம்பா நம்ம சத்துமாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, பிடிக்கும். உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீரை ஒரு மடக்குக்கு மேல் குடிக்க நம்ம நாக்குக்குப் பழக்கம் போதாது.

திபெத்தியப் பண்பாடு என்று விளம்பரம் செய்வதில் எச்சரிக்கை தேவை. ஒன்பது கோட்டையூர்ப் பள்ளத்தாக்கு என்பதுதான் ஜியுசைகோ என்ற பெயரின் பொருள், அவை திபெத்தியர் ஊர்கள். ஆனால் பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. சூசெங் ஊரில் நீங்கள் காண்பது பெரும்பாலும் வெள்ளி நகைக்கடை. திபெத்திய வழிபாட்டுக்காக மட்டும் போவதானால் மைசூர் பக்கம் பைலகுப்பே போதும், விசாச் செலவு மிச்சம். ஆனாலும் சூசெங் பக்கம் நீரோட்டமே சுழற்றும் பிரார்த்தனை உருளைகளையும், கொடிகள் படபடக்கும், மரத்தில் கட்டிய நீராலைகளையும் தவறவிட வேண்டாம். சாரு மடம் பௌத்தம் அல்ல, திபெத்தில் அதற்கும் முன்பே இருந்ததாகச் சொல்லப்படும் 'போன்' (Bon) என்ற மதத்தைச் சேர்ந்தது. அங்கே வலம் வருவது கிடையாது, இடம்தான். நெல்லையப்பர் பிரகாரத்தில் சுற்றிய பழக்கத்தில் நடந்தால் எதிரே வருகிறவர்கள்மேல் மோதுவீர்கள்.