டியூஷன் கணினிகளில் சூடோ: யாருக்கு, எவ்வளவு?

2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றதும், சுங்கை சிப்புட்டில் எங்கள் டியூஷன் அறையின் பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். அன்றிலிருந்து பராமரிப்பு என் பொறுப்பு. பிள்ளைகளுக்கும் டீச்சருக்கும் சாதாரணக் கணக்குதான். நிர்வாகக் கணக்கு என்னிடம் மட்டும்.

இதனால் பிள்ளைகள் சிரமப்படுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பென்டிரைவ் செருகலாம், லிப்ரே ஆபீஸ் ஓடும், பைத்தான் எழுதிப் பழகலாம். இதற்கெல்லாம் சூடோ, அதாவது நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் வசதி, தேவையே இல்லை.

தலைவலி பிரிண்டரில்தான் வந்தது. ஏதாவது கோளாறு என்றால் அச்சு வரிசை நின்றுவிடும். திரும்ப ஓடவிட நிர்வாகி பாஸ்வேர்ட் கேட்கும். நான் அந்த நேரம் செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி வேலையில் இருப்பேன். டீச்சர் போன் போடுவார்: "தம்பி, மறுபடியும் பாஸ்வேர்ட் கேக்குதுப்பா." போனிலேயே சொல்லிவிடலாம்தான். அடுத்த வாரம் வகுப்புக்கே தெரிந்திருக்கும். டீச்சரை சூடோ குழுவில் சேர்த்தாலோ, கணினி முழுவதும் அவர் கையில்.

கடைசியில் சூடோ விதிக் கோப்பைத் திருத்தும் விசூடோவைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன்: டீச்சரின் கணக்கு, நின்ற அச்சு வரிசையை ஓடவிடும் 'கப்ஸ்எனேபிள்' கட்டளையை மட்டும் பாஸ்வேர்ட் இல்லாமல் ஓட்டலாம். திரையில் அதற்கு ஓர் ஐகானும் வைத்தாயிற்று. அப்புறம் பிரிண்டருக்காகப் போன் வந்ததில்லை. இந்த விதிக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திருத்தாதீர்கள். விதி எழுதிய முறையில் பிழை இருந்தால் விசூடோ சேமிக்கும் முன்பே பிடித்துவிடும்.

ஆனால் 'ஒரு கட்டளைதானே' என்று எதையும் இப்படித் திறந்துவிட முடியாது. மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளையையும் அனுமதிக்கலாமே என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். ஒரு மென்பொருள் பொதி நிறுவப்படும்போது அதனுள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் உரிமையோடுதான், அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடுதான், ஓடும். வெளியிலிருந்து எடுத்து வந்த பொதியைப் போட முடிந்தவருக்கு மற்றதெல்லாம் தானாகக் கிடைத்துவிடும். 'விஐ' எடிட்டரும் அப்படியே. சூடோவில் திறந்தால் அதற்குள்ளிருந்தே ரூட் ஷெல்லுக்குப் போய் எந்தக் கட்டளையையும் ஓட்டிவிடலாம். வெறுமனே கோப்பைப் படிக்க உதவும் 'லெஸ்' கட்டளையிலும் இந்த வழி உண்டு. பெயரைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்!

இன்னொன்று. சூடோ ஒருமுறை வாங்கிய பாஸ்வேர்டை மின்டில் 15 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். கட்டளை தட்டும் டெர்மினலை மூடாமல் டீ குடிக்கப் போகக்கூடாது.

இவ்வளவு கவனமாக இருந்தும் 2022 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. லினக்ஸில் இருக்கும் பிகேஎக்செக் என்ற நிரலில் 2009-லிருந்தே ஓர் ஓட்டை; சாதாரணக் கணக்கில் இருப்பவர் பாஸ்வேர்ட் இல்லாமலே ரூட் ஆகிவிடலாம். நான் எழுதிய விதியெல்லாம் அதன் முன் செல்லாது. அன்றே அப்டேட் மேனேஜரில் தானியங்கி அப்டேட்டை ஆன் செய்தேன். மாலையில் இணையம் நொண்டும் என்பதால், காலையிலேயே அப்டேட் இறங்க, அறையைப் பெருக்க வரும் அக்காவிடம் எல்லாக் கணினிகளையும் ஆன் செய்துவிடச் சொல்லியிருக்கிறேன்.