ஒவ்வாமை டொக்டரிடம் போன அனுபவம்: மகள் திரும்ப மீன் சாப்பிடுகிறாள்

யாழ்ப்பாணத்தில் ஒவ்வாமைக்கென்றே தனியாகப் படித்த டொக்டரைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை இங்கே வருகிற ஒருவரிடம் எங்கள் ஒன்பது வயது மகளைக் காட்டினோம்.

அம்மா வீட்டில் ஒடியல் கூழ் குடித்த அன்று அரை மணித்தியாலத்துக்குள் அவளுக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கூழில் றால், நண்டு, மீன், கணவாய் எல்லாம்தான் கிடந்தன, எதைக் குற்றம் சொல்வது? ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு மீன், முட்டை, கத்தரிக்காய், அன்னாசி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, இரண்டு வருடமாகப் பிள்ளைக்குப் பருப்பும் சோறும்தான்.

முதல் தடவை போனது வீண். கையில் குத்திப் பார்க்கிற அலர்ஜி டெஸ்டுக்கு ஒரு கிழமைக்கு முன்பே அலர்ஜிக் குளிசையை நிறுத்த வேண்டுமாம், சானல் பண்ணும்போது (டொக்டரைப் பார்க்க நேரம் பதியும்போது) யாரும் சொல்லவில்லை. முந்தின இரவுதான் கொடுத்திருந்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஆனால் டொக்டர் அருமை. முக்கால் மணித்தியாலம் கேள்வி மட்டும்: சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் தடித்தது, அதற்கு முதல் றால் சாப்பிட்டிருக்கிறாளா, முட்டையால் எப்போதாவது ஏதாவது வந்ததா (வரவே இல்லை, நாங்களாக நிறுத்தியது). அமெரிக்காவில் இந்தத் துறையில் பயிற்சி எடுக்கும் அண்ணாவின் மகள் சொல்வாள், அங்கே பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ 3 வருடம் முடித்த பிறகுதான் இதற்கு இன்னொரு 2 வருடமாம், அதில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் பார்த்தே ஆகவேண்டுமாம். குத்துவதை யாரும் பழகலாம், வந்த தடிப்புக்கு என்ன அர்த்தம் என்பதுதான் படிப்பு என்று. அது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு முன்னங்கையில் துளித்துளியாக விட்டு மெல்லக் குத்தி 15 நிமிடம் இருக்கச் சொன்னார். ஹிஸ்டமின் (ஒவ்வாமை வந்தால் உடம்பே விடுகிற பொருள்) துளி தடிக்க வேண்டும், உப்புநீர்த் துளி தடிக்கக் கூடாது, அப்போதுதான் மற்றவற்றை நம்பலாம். பாசையூரில் வாங்கிய பச்சை றாலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார், அதில் குத்திய ஊசியாலேயே கையிலும் குத்தினார். தடிப்பின் அகலம் உப்புநீரைவிட 3 மில்லிமீற்றர் கூடினாலே கணக்கில் எடுப்பார்களாம், றாலுக்கு 9. நண்டுக்கும் தடித்தது, இரண்டிலும் ஒரேமாதிரிப் புரதம் இருக்கிறதாம். மீனுக்கும் முட்டைக்கும் ஒன்றுமே இல்லை!

றாலும் நண்டும் வேண்டாம், மூச்சு இழுத்தால் குளிசையோடு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி, அங்கே தொடையில் அட்ரினலின் ஊசி என்று எழுதித் தந்தார். காசு கூடத்தான், நாலு மணி என்று சொல்லி ஏழுக்குத்தான் கூப்பிட்டார்கள். போகிறவர்கள் குளிசை விஷயத்தை நீங்களே போனில் கேளுங்கள். நேற்று விளைமீன் குழம்பு வைத்தேன், இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.